பாத்ரூம் டைல்ஸ் ஓர பீடிங்: போர் தண்ணிக்கு எது தாங்கும்?

டைல்ஸின் வெளிமூலையிலும் ஜன்னல் ஓரத்திலும் விளிம்பை மூட வைக்கும் பட்டைதான் பீடிங். கடையில் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது அலுமினிய பீடிங்கைத்தான். ரோஸ் கோல்டு, மேட் கருப்பு என நிறத்துக்குக் குறைவில்லை. சமையலறைக்கு தாராளமாகப் போடலாம். ஆனால் அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கம் உப்புத்தண்ணி போரை நம்பியிருக்கும் வீட்டு பாத்ரூமுக்கு அது வேண்டாம். அரிப்பது தண்ணியை விட, அது விட்டுப்போகும் வெள்ளைக் கறையை எடுக்க ஊற்றுகிற ஆசிட். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் அனோடைஸ் எனும் பாதுகாப்பு மேல்பூச்சைத் தின்று, அடியிலுள்ள அலுமினியத்தையும் பிடிக்கும். நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும், பிறகு தொட்டால் சொரசொரக்கும். சிறுவாணித் தண்ணி வருகிற கோவை வீடுகளில் கறையும் குறைவு, ஆசிட் வேலையும் குறைவு. அங்கே அலுமினியம் நிற்கும்.

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பீடிங் விலை கூடுதல். 304 கிரேடு கூட ஆசிட் தங்கினால் புள்ளி புள்ளியாகக் குழி விழும். உடனே தண்ணி அடித்துக் கழுவுகிற வீட்டுக்குத்தான் சரி. மலிவான 202 கிரேடை 304 என்று சொல்லி விற்பதும் உண்டு. காந்தம் வைத்து, "ஒட்டலைங்க, 304-தான்" என்றால் நம்பாதீங்க. 202-லும் சாதாரணமாகக் காந்தம் ஒட்டாது. பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்லுங்க.

மூன்றிலும் மலிவான பிவிசிதான் ஆசிட்டுக்கு அசையாதது. பார்க்க அவ்வளவு ராஜாங்கமாக இருக்காது, அவ்வளவுதான். வெயில் விழும் ஜன்னலோரம் வெள்ளை நிறம் நாளடைவில் மஞ்சளிக்கும்; அங்கே மட்டும் சாம்பல் நிறம் எடுக்கலாம். சுவரில் சாய்த்து வைத்த சரக்கு வளைந்திருக்கும். ஒரு முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நீளவாக்கில் பார்த்து எடுங்க.

பீடிங் 8, 10, 12 மிமீ என வருகிறது. கடைக்குப் போகும்போது டைல் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்க. டைல் கனம் 8 மிமீ என்று 8 மிமீ பீடிங் வாங்கினால், டைலுக்கு அடியில் போகும் ஓட்டை போட்ட காலும் பசையும் சேர்ந்து டைலை வெளியே தள்ளிவிடும். 10 எடுப்பதே நல்லது. பீடிங் கொஞ்சம் உயர்ந்தால் பசையைக் கூட்டி டைலைச் சமன் செய்யலாம். தாழ்ந்துவிட்டால் வழியே இல்லை. நீளத்திலும் கணக்கு ஏமாற்றும்: 2 அடிக்கு 2 அடி ஜன்னலுக்குச் சுற்றளவு 8 அடி என்று 8 அடி பீடிங் ஒன்று வாங்கினால் போதாது. நான்கு மூலையிலும் 45 டிகிரி வெட்டு விழும், சேதாரமும் உண்டு. இரண்டு வாங்குங்க.

நல்ல பீடிங்கும் கெடுவது பெரும்பாலும் ஒட்டுவதில்தான். சிமெண்ட் கலவையை அரை அங்குலம், முக்கால் அங்குலம் அப்பி டைலை அடித்து ஒட்டும் பழைய முறையில் பீடிங்கின் கால் சுவரைப் பிடிக்காது. தட்டத் தட்ட நகரும். பூச்சு மட்டமாக இருந்து, டைல் பசையைப் பல் கரண்டியால் இழுத்துப் போட்டால்தான் நிற்கும். காலை அழுத்தும்போது ஓட்டைகள் வழியே பசை பிதுங்க வேண்டும். அதன் மேல் மெல்லப் பசை தடவி டைலை வையுங்க. டைலுக்கும் பீடிங்குக்கும் நடுவே 2 மிமீ இடம் விடணும். முட்ட ஒட்டினால் இடுக்கை அடைக்கும் கிரௌட் இறங்காது, அந்தக் கோட்டில் அழுக்கு ஏறும். முழு டைல் வெளிமூலையில் தொடங்கட்டும், வெட்டிய துண்டு உள்மூலைக்குப் போகட்டும். மேஸ்திரியிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்க.

வெட்டுவதற்கு நுண்பல் ஹேக்ஸா பிளேடு போதும். கிரைண்டரில் வெட்டினால் பிவிசி உருகி விளிம்பு கெடும். உலோக பீடிங்கின் பிளாஸ்டிக் உறையை டைல் பக்கம் மட்டும் கிரௌட்டுக்கு முன்னே உரித்துவிடணும், இல்லையென்றால் கிரௌட்டுக்குள் மாட்டிக்கொண்டு கிழிந்து நூல் நூலாக நிற்கும். அலுமினியத்தில் சிமெண்ட் பட்டால் காயும் முன் துடையுங்க, காரம் பூச்சைக் கறையாக்கும்.

பீடிங்கே வேண்டாம், டைல் ஓரத்தையே 45 டிகிரியில் சீவிச் சேர்த்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்ளும் கெட்டியாக இருக்கும் விட்ரிஃபைடு டைலுக்குச் சரி. செராமிக் சுவர் டைலில் மெருகு மெல்லிய மேல்படலம்தான், உள்ளே மிருதுவான களிமண். கத்தி போலச் சீவிய விளிம்பு பக்கெட் இடித்தாலே பெயரும். சீவியே ஆகணும் என்றால் மெருகுக்குக் கீழே 1 மிமீ விட்டுச் சீவி, இடைவெளியை எபாக்ஸி கிரௌட்டால் அடையுங்க.

ஜன்னல் அடியில் டைலை உள்பக்கம் 5 மிமீ சரித்து வையுங்க, தண்ணி தேங்காது. ஃபிரேம் ஓர இடுக்கை அடைக்க நியூட்ரல் வகை சிலிக்கான் சீலன்ட் அடிக்கணும். காடி வாசம் வருகிற மலிவு வகை உலோக பீடிங்கை அரிக்கும்.