வறட்டு இருமலுக்குச் சீன மருந்து: பெய் பா கோவும் பேரிக்காயும் எனக்குச் செய்தது

2013 ஜூனில் சிங்கப்பூரைச் சூழ்ந்த புகைமூட்டத்தை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 21ஆம் தேதி காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது. ஜன்னலை அடைத்துக்கொண்டு ஏர்கானிலேயே கிடந்தோம். புகை விலகிய பிறகும் எனக்கு இருமல் விடவில்லை. சளி துளியும் இல்லை. தொண்டையில் தூசி ஒட்டிய மாதிரி ஓர் அரிப்பு. படுத்தால் போதும், ஆரம்பித்துவிடும். லிஃப்டில் அதைக் கேட்ட கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி அன்று மாலையே ஒரு பாட்டிலோடு வந்தார். நின் ஜியோம் பெய் பா கோ அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

கறுத்த, கெட்டியான பாகு. முதலில் தேன் இனிப்பு, அப்புறம் புதினாக் குளிர்ச்சி, கடைசியில் லேசான மூலிகைக் கசப்பு. பெய் பா என்பது லோக்காட் என்ற பழமரம். மருந்தில் சேர்வது அதன் இலை. கூடவே சுவான் பெய் என்ற மலைக்கிழங்கு, நமக்குத் தெரிந்த அதிமதுரம், தேன். 'நின் ஜியோம்' என்றால் அன்னையின் நினைவாக என்று பொருள். தாயின் இருமலைத் தீர்த்த மருந்தை மகன் ஊருக்கெல்லாம் கொடுத்தான் என்று ஒரு கதை சொல்வார்கள்.

தண்ணீர் கலக்காமல் ஒரு ஸ்பூன் எடுத்து மெதுவாக விழுங்குவேன். கால் மணி நேரம் வேறு எதுவும் குடிப்பதில்லை. அரிப்பு உடனே அடங்கும். தூங்கிப்போக அது போதும். நள்ளிரவில் திரும்ப வரலாம். ஆற்றுகிற மருந்து இது, வேரோடு பிடுங்குகிற மருந்து இல்லை.

என்னைக் கேட்டால் பாட்டிலைவிடப் பேரிக்காய்தான் மேல். ஆன்ட்டி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். பழத்தின் தலையை மூடி மாதிரி வெட்டி, விதைப்பகுதியைக் குடைந்து எடுக்க வேண்டும். உள்ளே சுவான் பெய் தூள் இரண்டு சிட்டிகை, நாலு கற்கண்டு. மூடியைப் பொருத்தி, கிண்ணத்தோடு ஒரு மணி நேரம் ஆவியில் வைத்தால் பழம் குழைந்து கிண்ணம் நிறையச் சாறு விடும். சூடாகக் குடித்துவிட்டுப் பழத்தையும் சாப்பிட வேண்டும். சுவான் பெய் விலை அதிகம், மலிவான வேறு கிழங்கைக் கலந்தும் விற்பார்கள். அதனால் முழுசாக வாங்கிக் கடையிலேயே கண்ணெதிரே அரைத்துத் தரச் சொல்வேன்.

ஒருமுறை சளி கட்டியிருந்தபோதும் இதையே செய்து சாப்பிட்டு, நெஞ்சு இன்னும் கனத்துப்போனது. பதிவுபெற்ற சீன மருத்துவரிடம் போனபோது நாக்கை நீட்டச் சொன்னார், சளியின் நிறத்தைக் கேட்டார். பேரிக்காய் குளிர்ச்சி, வறட்டு இருமலுக்குத்தான் அது என்றார். சூடு, குளிர்ச்சி பார்த்துச் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும். லோக்காட் இலை வாங்கிக் கஷாயம் வைப்பவர்கள், இலையின் அடியில் இருக்கும் பூமயிரைத் தேய்த்து எடுத்துவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். அந்த மயிரே தொண்டையை அரித்து இருமலைக் கூட்டும்.

2019இல் மறுபடியும் அதே இருமல். ஏழு வாரம், மூன்று பாட்டில், எத்தனையோ பேரிக்காய். எதற்கும் இருமல் நிற்கவில்லை. கடைசியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: புதிதாக என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் தொடங்கியிருந்தேன். அந்த வகை மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவருமாம். மாற்றிக் கொடுத்த மூன்றாவது வாரம் இருமல் போய்விட்டது. போதாததற்கு, அதிமதுரம் அளவு மீறினால் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அந்த ஏழு வாரத்தை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். இரண்டு மூன்று வாரத்தில் நிற்காத இருமலுக்கு டாக்டரைப் பாருங்கள். காய்ச்சலோ ரத்தமோ மூச்சுத் திணறலோ இருந்தால் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். தேன் இருப்பதால் ஒரு வயது ஆகாத குழந்தைக்குப் பெய் பா கோ கொடுக்கவே கூடாது.

என் கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது. தேனும் மால்டோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரையும் சேர்ந்த பாகு அவருக்கு ஒத்துவராது. அவருக்கு லுவோ ஹான் குவோ என்ற காய்ந்த பழம். ஓட்டோடு உடைத்து ஒன்றரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிடுவேன். சர்க்கரையே போடாமல் நன்றாக இனிக்கும். கொதிக்கும்போது வீடெல்லாம் கருப்பட்டி வாசனை.