செஃபாரியா: யூதர்களின் ஏடுகள் உங்கள் போனில்

ஞாயிறு பின்னேரங்களில் மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் உயர்தர (A/L) வகுப்புப் பிள்ளைகள் ஆறேழு பேர் கூடுவார்கள். இந்து நாகரிகம் பாடமாக எடுத்தவர்கள், கிறிஸ்தவ நாகரிகம் எடுத்தவர்கள், காத்தான்குடியிலிருந்து வரும் இஸ்லாமிய நாகரிகப் பிள்ளை ஒன்று, எல்லாரும் கலந்துதான். யூதர்களைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வேதாகமக் கதைகளும் செய்தியில் வரும் யுத்தமும்தான். சரி, அவர்களே எழுதி வைத்ததை வாசித்துப் பார்ப்போம் என்று மூன்று மாதமாக செஃபாரியாவைப் பாவிக்கிறோம்.

2011இல் தொடங்கிய இணைய நூலகம் இது. காசு இல்லை, வாசிக்கக் கணக்குத் திறக்கவும் தேவையில்லை. எபிரேய மூலமும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கத்தில் வரும், ஒரு வசனத்தைத் தொட்டால் அதற்கு நூற்றாண்டுகளாக எழுதப்பட்ட உரைகள் வரிசையாகத் திறக்கும். திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரையையும் மணக்குடவர் உரையையும் ஒன்றாக வைத்துப் படித்த பிள்ளைக்கு இது உடனே பிடிபட்டுவிடும்.

எங்களை இழுத்துப் பிடித்தது தல்மூத், யூத அறிஞர்களின் சட்ட வாதங்களைத் தொகுத்த பழைய நூல். அதில் சபாத் பகுதியின் 21ஆம் ஏட்டுப் பின்பக்கத்தில் ஹனுக்கா என்ற எட்டு நாள் பண்டிகையின் விளக்கைப் பற்றி ஒரு வாக்குவாதம் இருக்கிறது. முதல் நாள் எட்டு விளக்கு ஏற்றி ஒவ்வொன்றாகக் குறை என்கிறது பழங்கால யூத ஆசிரியர் ஷம்மாயின் பள்ளி, ஒன்றில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போ, புனிதத்தில் ஏற வேண்டுமே தவிர இறங்கக் கூடாது என்கிறது இன்னொரு ஆசிரியர் ஹில்லேலின் பள்ளி. கார்த்திகைக்கு வீடு முழுக்க விளக்கு வைக்கிற பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு மணித்தியாலம் வாதாடினார்கள். "மறுகா யார் சொன்னது சரி சேர்?" என்று கேட்டபோது ஏருவீன் பகுதியின் 13ஆம் ஏட்டுப் பின்பக்கத்தைத் திறந்து காட்டினேன். இரண்டும் உயிருள்ள கடவுளின் வார்த்தைகள்தான், ஆனால் நடைமுறைக்கு ஹில்லேல் பள்ளி சொன்னதே சட்டம் என்று அதில் இருக்கிறது. ஏனென்றால் அவர்கள் பொறுமையானவர்கள், தங்கள் கருத்துக்கு முன்னே எதிராளியின் கருத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள். தோற்ற கட்சியின் வாதத்தையும் அழிக்காமல் இத்தனை நூற்றாண்டு காத்து வைத்திருக்கிறார்களே என்று காத்தான்குடிப் பிள்ளை சொன்னதை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 10:22இல் சாலொமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த மயில்களைப் பாருங்கள். எபிரேயத்தில் 'துக்கியீம்' என்று நிற்கும், அது நம்முடைய 'தோகை'யிலிருந்து போனது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இன்றைய எபிரேயத்தில் அதே சொல்லுக்குக் கிளி என்று பொருள். அந்தப் பின்னேரம் வேறு ஒன்றும் படிக்க முடியவில்லை.

ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்தால்தான் சரிவரும், தெரியாத பிள்ளைகளுக்கு நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அப்புறம், இது நூல்களின் இடம். யூதர்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய தொழுகைக்கூடம் எப்படி இருக்கும் என்பதற்கெல்லாம் வேறு இடம் தேட வேண்டும். டேட்டா குறைவென்றால் ஆப்பில் நூல்களை இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள், களைத்துவிடுவீர்கள். அந்த 21ஆம் ஏட்டைத் திறந்து, பிள்ளைகளிடம் எட்டா ஒன்றா என்று மட்டும் கேளுங்கள்.