ஆல்ட்மெட்ரிக், பிளம்எக்ஸ், ஓவர்டன்: சூழலியல் கட்டுரைகளை யார் படிக்கிறார்கள் என்று பார்த்த அனுபவம்

எங்கள் குழு வெளியிடும் சூழலியல் கட்டுரைகள் எங்கே போய்ச் சேருகின்றன என்று கவனிக்க இந்தக் கருவிகளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். இனியும் பயன்படுத்துவேன். ஆனால் அவை முகப்பில் பெரிதாகக் காட்டும் எண்ணைப் பார்ப்பதை நிறுத்தி வெகுநாளாகிறது. அந்த எண்ணைச் சொடுக்கினால் உள்ளே வரும் பட்டியலில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஆல்ட்மெட்ரிக். ஒரு கட்டுரை எங்கெல்லாம் பேசப்படுகிறது என்று காட்டும், ஆய்விதழ்ப் பக்கங்களில் தெரியும் வண்ண வளையம் இதனுடையது. செய்திக்குச் சிவப்பு, வலைப்பதிவுக்கு மஞ்சள், கொள்கை ஆவணத்துக்கு ஊதா. நடுவில் இருக்கும் எண் வெறும் கூட்டுத்தொகை அல்ல, ஒவ்வொரு வகைக்கும் தனி எடை உண்டு. ஒரு செய்திக்கு 8, வலைப்பதிவுக்கு 5, விக்கிப்பீடியாவுக்கு 3. விக்கிப்பீடியாவில் எத்தனை பக்கங்களில் மேற்கோள் காட்டியிருந்தாலும் அதே 3தான். கட்டுரைகளைச் சேமித்து வைக்க உதவும் மெண்டலியில் எத்தனை பேர் சேமித்து வைத்திருந்தாலும் இந்த எண்ணில் சேராது. அதாவது, படிக்கலாம் என்று எடுத்து வைத்தவர்களுக்கு இதில் இடமே இல்லை.

செய்தியில் வந்துவிட்டால் எண் எகிறிவிடும். ஜெர்மனியில் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டதாக 2017இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த கட்டுரை உலகமெங்கும் பேசப்பட்டது. வட அமெரிக்கா 1970க்குப் பிறகு கிட்டத்தட்ட 300 கோடிப் பறவைகளை இழந்திருக்கிறது என்ற 2019ஆம் ஆண்டு சயின்ஸ் இதழ்க் கட்டுரையும் அப்படித்தான். இரண்டுமே அந்தக் கவனத்துக்குத் தகுதியானவை. ஆனால் மண்ணுக்குள் வாழும் சிற்றுயிர்களைப் பற்றி அதே அளவு உழைப்பில் வரும் கட்டுரையை எந்தச் செய்தியாளரும் எடுப்பதில்லை. பறவைக் கட்டுரையையும் மண்பூச்சிக் கட்டுரையையும் இந்த எண்ணை வைத்து ஒப்பிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எங்கள் கட்டுரை ஒன்றையே சொல்கிறேன். சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் சாகும் தவளைகளைப் பற்றியது. வளையத்தில் எண் மிகச் சிறியது, செய்தி ஒன்றுகூட இல்லை. ஆனால் விவரப் பக்கத்தில் மெண்டலி வாசகர்களைத் துறைவாரியாகப் பிரித்துக் காட்டுவார்கள். அதில் உயிரியலுக்கு அடுத்தபடியாகப் பொறியியல் இருந்தது. தவளைக் கட்டுரையைப் பொறியாளர்கள் ஏன் சேமிக்க வேண்டும் என்று, கொள்கை ஆவணங்களுக்கென்றே இருக்கும் தேடுதளமான ஓவர்டனில் தேடினேன். சாலைக்கு அடியில் விலங்குகள் கடக்க விடும் குழாய்களைப் பற்றிய ஒரு வழிகாட்டி ஆவணத்தின் அடிக்குறிப்பில் எங்கள் கட்டுரை இருந்தது. குழாய்களுக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்று சொல்லும் பத்திக்கு எங்கள் அட்டவணையைத்தான் ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள். இதைவிட நல்ல வாசிப்பு ஒரு சூழலியல் கட்டுரைக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது?

ஆல்ட்மெட்ரிக்கைத் தொடங்கிய யூவன் ஏடிதான் ஓவர்டனையும் தொடங்கினார். இயற்கைப் பாதுகாப்பு சார்ந்த ஆய்வு செய்கிறவர்கள் ஒரே ஒரு கருவிதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதைச் சொல்வேன்.

பிளம்எக்ஸ் 2017இலிருந்து ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்செவியரிடம் இருக்கிறது. பயன்பாடு, சேமிப்பு, குறிப்பிடல், சமூக ஊடகம், மேற்கோள் என்று ஐந்தாகப் பிரித்துக் காட்டும், எல்லாவற்றையும் ஒற்றை எண்ணாகச் சுருக்காது. இதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

ட்விட்டர் கதை தனி. 20 சூழலியல் இதழ்களின் 1,599 கட்டுரைகளைப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, ட்வீட் அதிகம் பெற்றவை மேற்கோளும் அதிகம் பெறுகின்றன என்றது. உடனே எல்லாரும் கட்டுரை வந்த அன்றே ட்வீட் போட வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. நல்ல கட்டுரையைத்தான் ட்வீட்டும் செய்வார்கள், மேற்கோளும் காட்டுவார்கள் என்ற சந்தேகம் அப்போதே இருந்தது. 2024இல் ட்ரெவர் பிராஞ்சும் கூட்டாளிகளும் அதைச் சோதனையாகவே செய்து காட்டினார்கள். 11 ஆய்வாளர்கள், 550 கட்டுரைகள். குலுக்கல் முறையில் எடுத்த 110 கட்டுரைகளை மட்டும் ட்வீட் செய்துவிட்டு மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். பதிவிறக்கம் கூடியது, ஆல்ட்மெட்ரிக் எண் கூடியது. மேற்கோளில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. மாணவர்கள் கேட்டால் இப்போது இந்தக் கட்டுரையைத்தான் படிக்கக் கொடுக்கிறேன்.

அப்புறம் 2023இல் ட்விட்டர் தன் தரவை இலவசமாகத் தருவதை நிறுத்தியது. பல சூழலியலாளர்கள் மாஸ்டடானுக்கும் ப்ளூஸ்கைக்கும் போய்விட்டார்கள். 2019 கட்டுரையின் எண்ணையும் 2024 கட்டுரையின் எண்ணையும் பக்கத்தில் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

பதிவிறக்க எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். கவுண்டர் என்ற பொது நெறிமுறை இருக்கிறது. 30 விநாடிக்குள் இருமுறை சொடுக்கினால் ஒன்றாகவே கொள்ளும், தானியங்கி நிரல்களின் வருகையைக் கழித்துவிடும். அதிலும் மொத்தக் கோரிக்கை, தனிக் கோரிக்கை என்று இரண்டு உண்டு. ஒருவரே இணையப் பக்கமாகத் திறந்துவிட்டுப் பிடிஎஃபையும் இறக்கினால் முதலாவதில் இரண்டாகும், இரண்டாவதில் ஒன்றுதான். நான் பார்த்த ஒரு பதிப்பகம் இந்த இரண்டில் எது என்று சொல்லாமலே ஓர் எண்ணைப் போட்டிருந்தது. எழுதிக் கேட்டும் பதில் இல்லை. அதை அறிக்கையில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் போடும் வடிவம்), வெளியான கட்டுரை, டிரையாட் என்ற தரவுக் களஞ்சியத்தில் வைத்த தரவு, இவை மூன்றுக்கும் டிஓஐ எண் (ஒவ்வொரு வெளியீட்டையும் இணையத்தில் அடையாளம் காட்டும் நிலையான எண்) வேறு வேறு. கவனமும் அதற்கேற்பச் சிதறிவிடும், மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். இரண்டாவது, வனத்துறைகளின் மேலாண்மைத் திட்டங்கள், உள்ளூர் மொழி நாளிதழ்கள், களப் பணியாளர்களின் கையேடுகள் போன்றவை டிஓஐ போடாமல் கட்டுரையின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகும். இவற்றில் பெரும்பகுதி எந்தக் கருவியிலும் சிக்காது. கட்டுரையின் தலைப்பையும் முதல் ஆசிரியர் பெயரையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, ஆவணம் வெளிவரும் மொழியிலேயே அவ்வப்போது நீங்களே தேடிப் பாருங்கள்.