விளம்பரப் பங்கா, கடைக்காரர் கட்டணமா?

சிங்கப்பூரில் தமிழ்க் காணொளி எடுப்பவருக்குப் பணம் வர இரண்டு வழிகள்: யூடியூப் தரும் விளம்பர வருவாய்ப் பங்கு, தம் கடையைக் காணொளியில் காட்டக் கடைக்காரர் தரும் கட்டணம். யூடியூப் விளம்பரப் பங்கைப் பெற 1,000 சந்தாதாரர்களும் 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையும் (அல்லது 90 நாள்களில் 1 கோடிக் குறுங்காணொளிப் பார்வைகளும்) சேர்ந்திருக்க வேண்டும். அதன் பின்னரே நீள் காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைப்பாளரின் கைக்கு வரும். இங்குள்ள தேக்கா சந்தையில் மீன் பேரம் பேசுவதையே படமெடுத்தாலும், பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருந்தால் அங்குள்ள விளம்பரக் கட்டணமே கணக்கில் வருகிறது. அது சிங்கப்பூர்க் கட்டணத்தைவிடக் குறைவு, வீட்டு வாடகையோ சிங்கப்பூர் டாலரான வெள்ளியில்தான் கட்ட வேண்டும்.

சிராங்கூன் சாலைக் கடைக்காரர் நேரடியாகத் தரும் கட்டணத்துக்கு அவ்வளவு பெரிய கூட்டம் தேவையில்லை. பார்ப்பவர் உள்ளூர்க்காரராக இருந்தால் போதும். ஆயினும் தீபாவளிக்கு முன் குவியும் வேலை பிறகு வற்றிவிடும், பணத்துக்காக நடையாய் நடக்கவும் நேரும். ஒருமுறை எனக்குக் கூலியாக வந்தது இரண்டு பிரியாணிப் பொட்டலங்கள்; சுவையாகத்தான் இருந்தன.

எவ்வழியில் வந்தாலும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். ஆண்டு நிகரத் தொழில் வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலும் செலுத்த வேண்டும். தொடங்குபவருக்கு நான் கடைக்காரரையே பரிந்துரைப்பேன், முன்பணம் வாங்கிக்கொண்டு.