முள் பச்சையில் நின்றது, பென்ட் மட்டும் கொதித்தது

எங்கள் விசைப்படகு நாகப்பட்டினத்தில் நிற்கிறது. என்ஜின் வேலை எதுவானாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் பார்ப்போம். இரண்டு வருடத்துக்கு முன் என்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. என்ஜின் புகை சேரும் மேனிபோல்டைக் கழற்றிப் புது பேக்கிங் போட்டோம், புகை வெளியேறும் வளைகுழாயான எக்சாஸ்ட் பென்ட் துருவேறியிருந்ததால் அதையும் மாற்றினோம், கடல்தண்ணி பம்புக்குள் சுற்றும் ரப்பர் இறகுச் சக்கரமான இம்பெல்லரும் புதுசு. செலவோடு செலவாக எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாகத்தான் கடலில் இறங்கினோம்.

மூன்றாம் நாள் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது கீழே இருந்த தம்பி கத்தினான்: "அண்ணே, ரப்பர் தீயுற வாடை அடிக்குது!" இறங்கிப் பார்த்தால் பென்ட்டில் அடித்த புதுப் பெயின்ட் கொப்புளித்து உரிந்திருந்தது. அதை ஒட்டிய ஹோஸில் கை வைக்க முடியவில்லை. ஆனால் என்ஜின் சூடு காட்டும் மீட்டரில் முள் எப்போதும்போலப் பச்சையில்தான் நின்றது.

பல படகுகளில் புகை கூரை வழியாக மேலே போய்விடும். எங்களுடையது அப்படியில்லை. என்ஜினின் நல்லதண்ணியைக் கடல்தண்ணியால் ஆற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் ஓடிவரும் கடல்தண்ணி பென்ட்டில் புகையோடு கலந்து, ரப்பர் ஹோஸ் வழியாகப் பின்பக்கம் கொட்டும். லோடில் டீசல் புகையின் சூடு 400 டிகிரியைத் தாண்டும். தண்ணி கலப்பதால்தான் ரப்பர் பிழைக்கிறது. மீட்டர் காட்டுவதோ என்ஜினுக்குள் சுற்றும் நல்லதண்ணியின் சூட்டை. கடல்தண்ணி பாதியாகக் குறைந்தாலும் கொஞ்ச நாள் அந்த நல்லதண்ணி சமாளித்துவிடும், அடி முதலில் பென்ட்டுக்குத்தான் விழும்.

மெக்கானிக் அண்ணன் "புதுப் பெயின்ட் அப்படித்தான், சரியாயிடும்" என்றார். ஆகவில்லை. பென்ட்டில் குறை இருக்கும் என்று இன்னொன்று வாங்கி மாட்டினோம். அதுவும் கொதித்தது. அந்தப் பணம் வீண்.

கடைசியில் கை கொடுத்தது ஒரு 20 லிட்டர் பெயின்ட் வாளி. கரையில் லோடில்லாமல் ஐடிலில் ஓடவிட்டு, பின்பக்கம் கொட்டும் தண்ணியை வாளியில் பிடித்து நேரம் பார்த்தோம். வாளி நிறைவதற்கு 50 விநாடிக்கு மேல் ஆனது. பக்கத்துப் படகில் அதே என்ஜின், அங்கே 25 விநாடி. அடியிலிருந்து ஆரம்பித்தோம். கடல்தண்ணி உள்ளே வரும் வால்வில் சிப்பி இல்லை, வடிகட்டி சுத்தம், பம்பும் நன்றாகத் தள்ளியது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் மூடியைத் திறந்ததும் விஷயம் தெரிந்தது. சுண்டுவிரல் நீளத்தில் மூன்று கருப்பு ரப்பர் துண்டுகள் குழாய் வாயை அடைத்துக் கிடந்தன, சுற்றிலும் உப்பும் கசடும். பழைய இம்பெல்லரின் ஒடிந்த இறகுகள்! புதுசு போட்டபோது பழையதில் மூன்று இறகு இல்லை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, நானும்தான். இம்பெல்லர் மாற்றுகிறவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: பழையதன் இறகுகளை எண்ணுங்கள். குறைந்தால் தண்ணி போகும் வழியெல்லாம் தேடி, கிடைக்கும்வரை விடாதீர்கள்.

துண்டுகளை எடுத்து, குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்தபின் வாளி 24 விநாடியில் நிறைந்தது. ஹோஸ் கையில் பிடிக்கும் சூட்டுக்கு வந்துவிட்டது.

அதன்பிறகு தொடாமலே சூடு பார்க்கும் ஒரு டெம்பரேச்சர் கன் வாங்கினேன். பளபளப்பான உலோகத்தில் நேராக அடித்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் பென்ட்டில் ஓர் இடத்தில் சூடு தாங்கும் கருப்புப் பெயின்ட் பூசி, எப்போதும் அங்கேயே அடிக்கிறோம். ஹோஸிலும் அடித்துப் பார்ப்போம், இழுவை லோடில் அங்கே 45 முதல் 50 டிகிரி வரை காட்டும். 60 தாண்டினால் டிரைவர் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பது எங்கள் படகில் கட்டளை. இரண்டு சீசனில் ஒரே ஒருமுறை தாண்டியது. அன்றைக்குக் கடல்தண்ணி உள்ளே வரும் கீழ்வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருந்தது.

சூட்டைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். ஹோஸ் ஓட்டையானால் புகை என்ஜின் அறைக்குள் நிறையும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கீழே படுத்திருப்பவன் எழுந்திருக்கவே மாட்டான்.

அன்று சூடுபட்ட ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளிப் பக்கத்தில் அமுக்கினால் கட்டையாக நிற்கிறது. வருகிற தடைக்காலத்தில் அதைக் கழற்றிவிட்டுப் புது ஹோஸ் போடப் போகிறோம், இரண்டு முனைக்கும் இரட்டைக் கிளிப்போடு.