ரிமோட் செல்லைத் தின்கிறதா? முதலில் செல்லை அளந்து பாருங்கள்

டிவியில் இணையப் படம் பார்க்க ஸ்ட்ரீமிங் ஸ்டிக், ஆண்ட்ராய்டு பெட்டி எதை வாங்கினாலும் சில மாதத்தில் வரும் புகார் ஒன்றுதான்: "இப்பத்தானே செல் மாத்தினோம்!" கடைக்காரர் புது செல் கொடுப்பார், அதுவும் இரண்டு வாரத்தில் போய்விடும். இதில் எது இயல்பு, எது கோளாறு என்று பிரித்துப் பார்க்காமல் செல் வாங்கிக்கொண்டே இருப்பது வீண் செலவு.

பழைய டிவி ரிமோட் பட்டனை அழுத்தும்போது மட்டும் அகச்சிவப்பு எல்இடியை மின்ன வைத்துவிட்டுத் தூங்கிவிடும். ஸ்ட்ரீமிங் ரிமோட் புளூடூத்தில் பேசுவது. சும்மா இருக்கும்போதும் இணைப்பை அறுக்காமல் வைத்திருக்க அவ்வப்போது விழித்துக்கொள்ளும். மைக் பட்டனை அழுத்திப் பேசினால் குரலை நேரடியாக அனுப்ப வேண்டியிருப்பதால் பல மில்லி ஆம்பியர் இழுக்கும். ஆகவே டிவி ரிமோட் அளவுக்கு வருடக்கணக்கில் ஓடாது. நன்றாக இருக்கும் ரிமோட்டில் நல்ல செல் சில மாதங்கள் தாராளமாக வரும்.

நல்ல ஆல்கலைன் டிரிபிள் ஏ செல்லின் கொள்ளளவு சுமார் 1,000 மில்லி ஆம்பியர்-மணி. இரண்டு செல்லைத் தொடராகப் போடுவதால் வோல்ட் 3 ஆகுமே தவிர கொள்ளளவு கூடாது. ரிமோட் சராசரியாக 0.1 மில்லி ஆம்பியர் எடுத்தால் 10,000 மணி நேரம், அதாவது ஒரு வருடத்துக்கு மேல். 1 மில்லி ஆம்பியர் என்றால் 41 நாள். இரண்டு வாரத்தில் காலியாகிறது என்றால் ரிமோட் இரவு பகலாக 3 மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்று பொருள். நீங்கள் பட்டனை அதிகம் அழுத்துவதால் இவ்வளவு போகாது. உள்ளே ஏதோ தூங்காமல் கிடக்கிறது.

ஆனால் அந்த முடிவுக்குப் போகுமுன் "தீர்ந்துபோன" செல்லைக் கழற்றி மல்டிமீட்டரில் வோல்ட் பாருங்கள். புது ஆல்கலைன் செல் 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், தீர்ந்தது 1.2க்குக் கீழே போயிருக்கும். நடுவே 1.4 வோல்ட் காட்டினால் செல் தீரவில்லை, தொடர்புதான் சரியில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், முனையில் வெள்ளைப் பொடி படிந்திருக்கலாம். ஆல்கலைன் கசிவு காரத்தன்மை உள்ளது. காது குடையும் பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டால் போதும். ஸ்பிரிங்கை மெல்ல முன்னால் இழுத்துவிடுங்கள். புது செல் போட்டதும் ரிமோட் உயிர் பெறுவதற்குச் செல்லைக் கழற்றி மாட்டிய அசைவே காரணமாக இருப்பதும் உண்டு.

செல் உண்மையாகவே காலி என்றால் அடுத்தது மின்னோட்டச் சோதனை. விசிட்டிங் கார்டில் சிறு துண்டு வெட்டி, இருபுறமும் அலுமினியத் தாள் ஒட்டுங்கள், இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. புது செல்லைப் போட்டு, அதற்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இதைச் செருகி, பக்கத்துக்கு ஒரு புரோப் (மீட்டரின் முனைக் கம்பி) வையுங்கள். மீட்டர் மில்லி ஆம்பியர் அளவில் இருக்கட்டும். மைக்ரோ ஆம்பியர் அளவில் வைத்தால் மீட்டரே வோல்ட்டை விழுங்கி ரிமோட்டை ரீசெட் செய்துவிடும், கணக்கு தப்பும். பட்டனை அழுத்தி விட்டபின் ஒன்றிரண்டு நிமிடத்தில் எண் 0.1க்குக் கீழே இறங்க வேண்டும். 1க்கு மேலேயே நின்றால் கோளாறு உறுதி.

பெரும்பாலும் காரணம் சிக்கிய பட்டன்தான். எண்ணெய்க் கை, சிந்திய காபி, ரப்பர் தகட்டின் கீழ் படியும் பிசுக்கு. இன்னொன்று பலருக்குத் தோன்றாது: நம் வீடுகளில் மாட்டும் இறுக்கமான சிலிக்கான் உறை. ஓரத்துப் பட்டனை அது அழுத்திக்கொண்டே இருந்தால் ரிமோட் தூங்கவே தூங்காது. முதலில் உறையைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். அப்புறம் பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் ரிமோட்டின் வெளி ஓட்டைப் பிளந்து, ரப்பர் தகட்டையும் சர்க்யூட் பலகையின் கறுப்புப் புள்ளிகளையும் ஆல்கஹாலால் துடையுங்கள். துடைத்தும் எண் இறங்காவிட்டால் பலகையிலேயே ஏதோ ஒரு பாகம் கசிகிறது. அதைப் பழுது பார்க்கும் கூலியில் புது ரிமோட் வந்துவிடும். உத்தரவாதக் காலம் இருந்தால் ஓட்டைப் பிளக்காமல் மாற்றிக் கேட்பதே புத்திசாலித்தனம்.

மீட்டரில் எல்லாம் சரி, ஆனாலும் செல் வேகமாகப் போகிறதா? ஸ்டிக் இருக்கும் இடத்தைப் பாருங்கள். டிவியின் முதுகில், உலோகத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியிருந்தால் சிக்னல் பலவீனமாகி, ரிமோட் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். ஸ்டிக்கோடு வரும் குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரைத் தூக்கி எறியாதீர்கள், அது இதற்கும்தான். யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் இருந்தால் புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும், தள்ளி வையுங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் உதவும்.

இணைப்பே குழம்பியிருந்தால் மறுபடி இணைப்பது ஒரு வழி. அமேசானின் ஃபயர் டிவியில் ஹோம் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ரோக்கு நிறுவனத்தின் வாய்ஸ் ரிமோட் ப்ரோ போல, கை வைக்காமலே குரலுக்குக் காது கொடுக்கும் ரிமோட்டுகளில் மைக்கை அணைக்க ஓரத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். அணைத்து வைத்தால் சார்ஜ் நிற்கும் காலம் நன்றாகவே கூடும்.

செல் விஷயத்தில் விலை மலிவான துத்தநாக-கார்பன் செல் சுவர்க் கடிகாரத்துக்குச் சரி, இங்கே வேண்டாம். கொள்ளளவு ஆல்கலைனில் பாதிகூடத் தேறாது, குரல் தேடலின் திடீர் இழுப்பையும் தாங்காது. மைக் மட்டும் வேலை செய்யாமல் மற்ற பட்டன்கள் ஓடுவது அதன் அடையாளம். ரீசார்ஜ் செல் போடலாம், ஆனால் அது 1.2 வோல்ட் என்பதால் முழு சார்ஜிலும் திரையில் "பேட்டரி குறைவு" என்று மிரட்டலாம். ஓடும்வரை ஓடட்டும். பழையதையும் புதியதையும் கலந்து மட்டும் போடாதீர்கள், பழையது கசிந்து ரிமோட்டையே கெடுக்கும்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: டிவி அமைப்பில் எச்டிஎம்ஐ சிஇசியை இயக்குங்கள். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதன்பின் மேல், கீழ், ஓகே, பேக் எல்லாம் டிவி ரிமோட்டிலேயே நடக்கும். ஸ்டிக் ரிமோட்டைக் குரல் தேடலுக்கு மட்டும் எடுத்தால் போதும்.