ஆலைக்காரன் கையில் பிரிக்ஸ் மீட்டர்

ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிப் பக்கம் எங்களுக்குக் கரும்பாலை இருக்கிறது. நாட்டுச்சர்க்கரை காய்ச்சுவது அப்பாரு காலத்துத் தொழில். கரும்பு முத்திவிட்டதா என்பதை அவர் ஒரு துண்டைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொல்வார். அந்த நாக்கு எனக்கு வாய்க்கவில்லை. அதனால்தான் இரண்டு பருவத்துக்கு முன்னால் 1,350 ரூபாய் கொடுத்து, சாற்றின் இனிப்பை அளக்கும் ஒரு கை ரெஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். எங்கள் பக்கத்தில் பிரிக்ஸ் மீட்டர் என்று சொன்னால்தான் புரியும். வாங்கலாமா என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன். வாங்கலாம். ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஒரு சாண் நீளம், டார்ச் லைட் கனம். ஒரு முனையில் சரிவாக வெட்டிய கண்ணாடிப் பட்டகம், மேலே திறந்து மூடும் பிளாஸ்டிக் மூடி. மறு முனையில் கண் வைத்துப் பார்க்கும் குழாய். தண்ணீரில் வைத்த குச்சி வளைந்தாற்போல் தெரியுமே, அந்தச் சங்கதிதான். சர்க்கரை கூடக் கூட ஒளி அதிகமாக வளையும். இரண்டு சொட்டுச் சாறு விட்டு, குமிழி இல்லாமல் மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சேரும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் பிரிக்ஸ். 20 என்றால் 100 கிராம் சாற்றில் 20 கிராம் கரைந்த சத்து, பெரும்பாலும் சர்க்கரை. பிரிக்ஸ் என்பது 19ஆம் நூற்றாண்டில் இந்த அளவைக் கணக்கிட்ட ஜெர்மானியர் ஒருவரின் பெயர்.

கரும்புச் சாற்றுக்கு 0 முதல் 32 வரை உள்ள மீட்டர் போதும். தேனுக்கு இது உதவாது. 58க்கு மேல் 90 வரை காட்டும் வேறு மீட்டர் வேண்டும். கொப்பரையில் பாகு கெட்டியான பிறகும் இதற்கு வேலை இல்லை. அங்கே இன்றைக்கும் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டித்தான் பதம் பார்க்கிறோம்.

இதன் அருமை கரும்புக் காட்டில்தான் தெரியும். முதல் வருசம் தை மாதம் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். கோ 86032 ரகம், பத்து மாதம் முடிந்திருந்தது. “தம்பி, கரும்பு முத்திருச்சுங்க, வெட்டாளுக்குச் சொல்லீருங்க” என்றார். வரப்போரக் கரும்பை விட்டுவிட்டேன். அதற்கு வெயில் அதிகம் கிடைப்பதால் இனிப்பு கூடத் தெரியும், அதை நம்பி வாங்கினால் ஏமாந்துபோவோம். காட்டுக்குள் போய்ப் பத்து இடத்தில் ஒவ்வொரு கரும்பாக வெட்டினேன். அடியிலிருந்து ஒரு துண்டு, நுனியிலிருந்து ஒரு துண்டு, இரண்டும் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் எடுத்தது. குறடால் நசுக்கி அடிச்சாற்றைத் தனியாகவும் நுனிச்சாற்றைத் தனியாகவும் சேர்த்தேன். அடி 20.6. நுனி 14.2.

அடியை மட்டும் கடித்துப் பார்த்திருந்தால் அன்றே வெட்டியிருப்போம். கரும்பு அடியிலிருந்துதான் முத்திக்கொண்டு போகும். நுனியும் அடியும் ஏறத்தாழ ஒரே எண்ணுக்கு வரும்போதுதான் வெட்டுப் பருவம். “ஒரு மூணு வாரம் பொறுங்க மாமா, தண்ணியையும் நிறுத்தீருங்க” என்றேன். அவருக்கு மனசில்லை. மீட்டரை அவர் கையிலேயே கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “இந்த நீலம் முடியற எடந்தானுங்களா?” என்றார். “அதேதானுங்க மாமா.” அடிச்சாற்றைத் துடைத்துவிட்டு நுனிச்சாற்றை விட்டுக் காட்டினேன். கோடு இறங்கியதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். அப்புறம் பேச்சே இல்லை. 24 நாள் கழித்துப் பார்த்தபோது அடி 21.4, நுனி 19.8. மறுநாளே வெட்டினோம்.

இதில் லாபம் இரண்டு பேருக்கும். 17 பிரிக்ஸ் சாறு 100 கிலோ காய்ச்சினால் 17 கிலோ சத்துதான் இருக்கிறது, மீதி 83 கிலோவும் தண்ணீர். 20 பிரிக்ஸ் என்றால் 3 கிலோ கூட, ஆவியாக்க வேண்டிய தண்ணீர் அந்த அளவு குறைவு. அடுப்புக்குப் போடும் சக்கையும் மிச்சம். கரும்புக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லி விலை பேச முடிகிறது. முன்பெல்லாம் அவர் ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன், கடைசியில் யாராவது ஒருவருக்கு மனக்குறை இருக்கும்.

இனி என்னைக் கஷ்டப்படுத்திய விஷயம். அதே பருவத்தில் ஆள் கிடைக்காமல், வெட்டிய கரும்பு ஐந்து நாள் களத்தில் கிடந்தது. பயந்துகொண்டே பார்த்தேன்: 23.4! சந்தோசமாக ஆலையில் விட்டேன். பாகு பதம் வந்தது, மரத்தொட்டியில் ஊற்றித் தேய்த்தோம். பொலபொலவென்று உதிர வேண்டிய சர்க்கரை ஈரக் களிமண் மாதிரி கையில் ஒட்டியது. கிடக்கும் கரும்பில் தண்ணீர் காய்ந்து சாறு கெட்டியாகும், அதனால் எண் ஏறும். அதே நேரத்தில் உள்ளே இருக்கும் நல்ல சர்க்கரை உடைந்து குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் மாறிக்கொண்டிருக்கும். அவை பூத்துப் பொடியாகாது. மீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உப்பு கரைந்திருந்தாலும் அதையும் சேர்த்துத்தான் எண்ணும். அந்தக் கொப்பரை முழுவதையும் பாதி விலைக்குத் தள்ளினேன். எங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பழனி பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட ஏலத்துக்கு இந்தச் சரக்கைக் கொண்டுபோக மனசு வரவில்லை. வெட்டிய கரும்பில் மீட்டரை நம்பாதீர்கள். நிற்கும் கரும்புக்கு மட்டும்தான் அது.

சூடும் கவனிக்க வேண்டியது. இந்த அளவு 20 டிகிரிக்குப் போட்டது. நான் வாங்கியதில் வெப்பத்துக்குத் தானாகவே திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது, ஆனால் அது 10 முதல் 30 டிகிரி வரைதான். பங்குனி வெயிலில் டிராக்டர் பானெட் மேல் வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால் எண் குறைவாகத்தான் காட்டும். வேப்பமரத்து நிழலில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, சாறு விட்டு அரை நிமிசம் கழித்துப் பாருங்கள். காலை நேரம் இன்னும் நல்லது.

குறையும் சொல்ல வேண்டும். முதலில் வந்த மீட்டரைக் குழாயடியில் பிடித்துக் கழுவிவிட்டேன். உள்ளே ஈரம் இறங்கி ஒரே வாரத்தில் கோடு மங்கிப்போனது. கழுவக் கூடாது என்று உள்ளிருந்த காகிதத்தில் ஒரு வரிகூட இல்லை. விற்றவர்கள் மாற்றித் தரவும் இல்லை. இப்போது இருப்பது இரண்டாவது, அதே விலை. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி வைக்கிறேன். கண் வைக்கும் இடத்து ரப்பர் மட்டும் தளர்ந்திருக்கிறது. இரண்டாவது பருவமும் முடிந்துவிட்டது, கோடு இன்னும் கத்தி வைத்தாற்போல் தெரிகிறது.

கோட்டைப் பூச்சியத்துக்குத் திருகி வைக்கும்போது போர் தண்ணீரை விடாதீர்கள். எங்கள் போர் தண்ணீரில் உப்பு இருக்கிறது, அதை வைத்துத் திருகினால் அன்றைய எண் எல்லாமே கொஞ்சம் குறைவாக வரும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி மீட்டர் பெட்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் போவதற்கு முன்னால் இரண்டு சொட்டு விட்டு, கோடு பூச்சியத்தில் நிற்கிறதா என்று கரும்புக்காரரையே பார்க்கச் சொல்லுங்கள்.